தீர்த்தச் செம்புக்குள் ஒரு சாவி

பாலையூற்று,
திருகோணமலை.
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்பின் மெல்ரோய்க்கு,

இன்று காலை எழும்பினதும் முதல் வேலையாகக் கோயிலடிக்குப் போய், பூசைக்கு முதலே ஃபாதரைப் பிடித்தேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதிரையை இழுத்தார். இல்லை ஃபாதர், இன்றைக்கு எங்கள் ஐஸ் ஃபக்டரியை ஆசீர்வதிக்கும்போது புது கொன்ட்ரோல் பெட்டிக்குள் மட்டும் தீர்த்தம் தெளிக்காதேங்கோ என்று கேட்க வந்தனான் என்றேன். அவர் நன்றாகச் சிரித்தார். பெட்டியின் கதவைச் சாத்தி வையுங்கோ, தீர்த்தத்தை உங்கள் எல்லாருக்கும் தெளிக்கிறன், உங்களுக்குத்தான் அது கூடத் தேவை என்றார்.

இதைப் போனிலும் சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்ல நீங்கள் இரண்டு சொல்லுவீர்கள். தாஹிர் நானாவின் மருமகன் நுஸ்கி நாளைக்குக் கட்டாருக்குத் திரும்புகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு பார்சலையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை முழுக்க வாசித்த பிறகு பார்சலைப் பிரியுங்கள்.

அந்தப் பெட்டியை எங்கள் மகள் ஜெனிதா தன் தம்பி என்கிறாள். அவ்வளவு கவனிப்பு அதற்கு. அது மாரி மழைக்குள் வந்தது. மெஷின் அறையின் சுவர்ப்பூச்சு அப்போது காயவில்லை. கட்டாரில் தினமும் இப்படியான பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிற நீங்கள் சொல்லித் தந்தபடியே எல்லாம் செய்தேன். லொறிக்காரர் படுக்கப் போட்டு இறக்கப் பார்த்தார். நிமிர்த்தி இறக்கும்வரை, ஸ்டோருக்குப் பொறுப்பான நான் கையெழுத்து வைக்கவில்லை. ஸ்டோரில் நிலத்தில் படாமல் பலகைகளுக்கு மேல் நிறுத்தி, கடற்காற்று ஈரம் தங்காதபடி உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிட்டேன். காலையும் மாலையும் போய்க் கையை வைத்துப் பார்ப்பேன், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தபோது இந்த ஊரின் ஈரப்பதன் எனக்கு வெறும் வரைபடமாகத்தான் இருந்தது.

தண்ணீரைத் தடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். பஞ்சாங்கத்தை மறந்துபோனேன். ஃபாதர் ஆசீர்வதித்து முடித்தார். வயர்மன் தாஹிர் நானா பெட்டியைத் திறந்து, கடைசியாக ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முதலே மெயின் சுவிட்சை நிற்பாட்டி, பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். சாவி அவருடைய சேட்டுப் பைக்குள். எங்கள் முதலாளி யோகலிங்கம் ஐயாவுக்கோ நிலைகொள்ளவில்லை. இராகுகாலம் பிறக்கப் போகுது தாஹிர், சுவிட்சைப் போடுவம் என்றார். நானா தலையைத் திருப்பவுமில்லை. நல்ல நேரம் முடிஞ்சா நாளைக்கும் ஒண்டு வரும் முதலாளி, நான் முடிஞ்சா என்ட பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்ற என்றார். ஜும்மாவுக்குப் போகவேண்டிய அவரே அவசரப்படவில்லை.

பூட்டு என் ஸ்டோரில் இருந்து கொடுத்தது. அதன் மற்றச் சாவி என்னிடம்தான் இருக்கும் என்பது முதலாளிக்கு நினைவு வந்துவிட்டது. இன்பமலர், அதைத் தாங்கோ, அவர் கையை வெளியில எடுக்கிற நேரமாப் பார்த்து நான் போடுறன் என்று கையை நீட்டினார். ஏலாது சேர் என்றேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் ஏலாது. அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் மனம் ஓடியது. பெட்டிக்குள் நானாவின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் இருந்தன. பக்கத்தில் ஃபாதரின் தீர்த்தச் செம்பு இருந்தது. சாவியை அதற்குள் போட்டுவிட்டேன்.

முதலாளி செம்பைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார். எடுங்கோ யோகலிங்கம், ஆனால் கை நனைஞ்சால் ஞானஸ்நானம் எண்டு எழுதிப்போடுவன் என்றார் ஃபாதர். பெட்டிக்குள் இருந்து நானா சிரித்த சத்தம் கேட்டது. முதலாளியும் சிரித்துக்கொண்டே கதிரையில் குந்திவிட்டார். லொறிக் குலுக்கலில் தளர்ந்திருந்த ஒரு இணைப்பைக் கடைசி வரிசையில் நானா கண்டு இறுக்கினார். ஜும்மா முடிந்து அவர் திரும்பி வந்த பிறகுதான் கரண்ட் கொடுத்தோம். இராகுகாலமும் அதற்குள் தன்பாட்டில் முடிந்திருந்தது. மோட்டர் சத்தம் கேட்டு, படகுத்துறை ஜெட்டியில் நின்ற படகுக்காரர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். இனி அவர்கள் ஐஸ் தேடி அலையத் தேவையில்லை.

முதலாளி போகும்போது, தாஹிர் வந்து போற ஆள், இந்தப் பெட்டியைப் பார்க்க நிரந்தரமாக ஒரு எலெக்ட்ரீஷியன் வேணும், திங்கட்கிழமை பேப்பருக்கு விளம்பரம் எழுதித் தாங்கோ, உங்களை மாதிரிச் சாவி குடுக்காத ஆளாய்ப் பாருங்கோ என்றார்.

மெல்ரோய், மாசி மாதத்திலிருந்து வீடியோவில் உங்கள் இடக்கை வருவதேயில்லை. குசினியில் எண்ணெய் தெறித்தது என்றீர்கள். உங்களுக்குக் கம்பெனிச் சாப்பாடு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. இன்று நானாவின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அது எண்ணெய் இல்லை, கரண்ட் என்று கேட்காமலே விளங்கிவிட்டது.

பார்சலில் பயற்றம் பணியாரத்துக்கு அடியில் ஒரு பூட்டும் ஒரு சிவப்பு அட்டையும் இருக்கின்றன. அட்டையில் உங்கள் பெயரை எழுதியது ஜெனிதா. பூட்டோடு சாவி ஒன்றுதான் வைத்திருக்கிறேன். மற்றது என் கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்தோடு கிடக்கிறது. பூட்டைப் போடாமல் எதற்குள்ளும் கையை வைக்காதேங்கோ. உங்கள் இரண்டு கைகளையும் மாதா பொத்திக் காக்கட்டும்.

எங்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் அனுப்பிய விசாப் பேப்பர்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும். இதை ஜெனிதாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதலாளி கேட்டால், விளம்பரம் எழுத மறந்துபோனேன் என்று சொல்லப்போகிறேன். நீங்கள் வந்து சேரும்வரை அடுத்த திங்களும் மறப்பேன்.

உங்கள்
இன்பமலர்