கம்பியில் நிற்கும் தோள்

இன்று காலை அடித்த காற்றில் குதிரைக் கொட்டகையின் கூரைத் தகடு தடதடவென்று ஆடியது. கட்டுவதற்குக் கம்பி தேடினால், ஆணியில் தொங்கிய அந்த அலுமினியக் கம்பிதான் கையில் வந்தது. நீங்கள் வளைத்து வைத்த அதே வளைவு. பார்த்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு இப்படியா பாதியில் போவார்கள்?

சந்தையிலிருந்து ராசாத்தியை நீங்கள் நடத்திக் கூட்டி வந்த அன்று வெண்ணந்தூரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அப்படியொரு அகலத் தோள். "குதிரைன்னு சொல்லி எருமைய ஓட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று நான் கேட்டதற்கு, "ஏ புள்ள, கண்ணு வெக்காத" என்று அதன் நெற்றியில் திருநீறு பூசினீர்கள். அந்தத் தோளைப் பற்றி அன்று முழுக்க ஒரே பெருமை. ஆனால் முன்பிருந்த ஒல்லிக் குதிரையின் சேணத்தையே இதற்கும் கட்டினீர்கள்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ராசாத்தி காதை மடக்கும். வாரை இறுக்கினால் கடிக்க வரும். முதுகு உறுத்துகிறது என்று நீங்கள் சேணத்துக்கு அடியில் சிவப்பு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டீர்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னொரு மடிப்பு.

"ஏனுங்க, செருப்பு கடிச்சா சாக்ஸ் மேல சாக்ஸ் போடுவாங்களா? இன்னும் இறுக்காதுங்களா?"

"குதிரையப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"குதிர தெரியாதுங்க. செருப்பு தெரியும்."

அன்றைக்கு ரோசத்தில் சோறு வேண்டாம் என்றுவிட்டீர்கள். நானும் கெஞ்சவில்லை.

பிறகு பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். ஊர்வலம் முடிந்து சேணத்தை இறக்கினால் முதுகு முழுக்க வேர்வை. தோளுக்குப் பின்னால் மட்டும், இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்து கிடந்தது. வேர்க்கக்கூட விடாமல் சேணம் அங்கே நெரித்திருக்கிறது. நீங்கள் விரலை வைத்ததும் ராசாத்தி முதுகைக் குழித்து நடுங்கியது. அத்தனை கல்யாண ஜனத்துக்கு நடுவில் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டன் சாமி" என்றீர்கள்.

மறுநாள் இந்தக் கம்பியை அதன் தோளோடு ஒட்டி அழுத்தி வளைத்தீர்கள். "சேணத்துக்கும் தோளுக்கும் நடுவுல கை தாராளமா போவோணும் புள்ள. அது காலெடுத்து வெக்கறப்பவும் போவோணும்." கம்பியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தீர்கள். எல்லாச் சேணமும் குறுகல். கடைசியில் சேலத்தில் ஒரு தோல் பட்டறையில், கம்பியின் வளைவைத் தாளில் வரைந்துகொண்டு அதே அளவுக்குச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அது வருவதற்குள் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது.

சேணம் போன வாரம்தான் வந்தது. பேண்டு செட் நடத்தும் தம்பி, ஏறிப் பார்த்து ஒத்துவந்தால் ராசாத்தியைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். இல்லையென்றால் தரகரின் வண்டி. அது எங்கே கொண்டுபோகும் என்று நான் கேட்கவில்லை. வேலைக்கு ஆகாத குதிரையை வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தீவனம் போட்டு வைத்துக்கொள்ள எனக்கும் வழியில்லை.

நேற்று சாயங்காலம் தம்பி வந்தார். உங்கள் வழக்கப்படியே சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, பின்னால் தள்ளி, அது தானாக உட்காரும் இடத்தில் விட்டேன். தோள் பக்கம் கையை நுழைத்தேன். போனது. இன்னொரு கையும் போயிருக்கும். அவர் ஏறியதும் சேணம் அப்படியே இறங்கி முதுகின் நடு எலும்பில் உட்கார்ந்தது. ராசாத்தி கத்திக்கொண்டே முன்னங்கால் மடங்கி விழுந்தது.

"வேண்டாங்கக்கா, சேணம் இதுக்கு ரொம்பப் பெருசுங்க" என்று இறங்கிவிட்டார்.

"இதோட அளவுக்குத்தான் தம்பி செஞ்சது" என்றேன்.

"இதுக்குங்களா?" என்று குதிரையை ஒருமுறை பார்த்தார். அப்போதுதான் நானும் அதைச் சரியாகப் பார்த்தேன். நீங்கள் போனதிலிருந்து சோளத்தட்டை வைத்தால் முகர்ந்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதுங்க. அந்தத் தோள் எப்போதோ வற்றிப்போய்விட்டது.

இப்போது அடியில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் சரியாக இருந்திருக்கும். ஆமாங்க, நான் கேலி செய்த அதே ஜமுக்காளம். உங்களை அதன்மேல்தான் கிடத்தினோம், உங்களோடேயே போய்விட்டது. தம்பி போன பிறகு வீட்டுப் போர்வைகளை மடித்து எடுத்துப் போனேன். சேணத்தைப் பார்த்ததுமே ராசாத்தி சுவரோடு ஒண்டிக்கொண்டது. இனி என்ன மடித்து என்ன?

நாளைக் காலை வண்டி வருகிறது. சற்றுமுன் கம்பியை அதன் தோள்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது. நீங்கள் அளந்த ராசாத்தி இனி இந்தக் கம்பியில்தான்.

தகடு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கம்பியை நிமிர்த்தினால் கட்டிவிடலாம். நிமிர்த்த எனக்குக் கை வரவில்லைங்க.