முப்பத்தொன்றாம் பக்கத்துச் சிவப்பு வட்டங்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு இருபதுக்கு உன் அக்கா உன் பாட்டைப் பியானோவில் வாசித்தாள். முழுதாக, இரண்டு முறை. பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக் கேட்டவன் நான். இரண்டாவது சாட்சி கீழ்வீட்டுப் பல் டாக்டர். துளைக்கும் கருவியை நிறுத்திவிட்டுக் கேட்டதாகவும், வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளி ஆட்சேபிக்கவில்லை என்றும் படிக்கட்டில் என்னிடம் சொன்னார். "என்ன சார், மேடம் எங்களை மாதிரி ஆளுங்களுக்கும் வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார். அவரிடம் சிரித்து வைத்தேன். உனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் பார்சல் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். ஒலிப்பதிவு, பாட்டின் இசைத்தாள், அரைப் பக்கக் கடிதம், மூன்றும் பத்திரமாக வந்தன. வரப்போகும் உன் இசைத்தட்டின் அட்டையில் 'ஹார்மனி கற்றுத் தந்தவர்: என் அக்கா' என்று போடலாமா, ஒரு வார்த்தை எழுது என்று கேட்டிருந்தாய். அவள் அன்றே படித்தாள். படித்துவிட்டுப் பியானோ ஸ்டூலுக்குள் வைத்து மூடினாள். என்ன முடிவு என்று மூன்றாம் நாள் கேட்டேன். "சரின்னு எழுதினா நான் தோத்த மாதிரி, வேணாம்னு எழுதினா அவனைத் தோக்கடிச்ச மாதிரி. ரெண்டும் எனக்கு வேணாம்" என்றாள். அதற்கு மேல் கேட்டிருந்தால் எனக்கு அன்று காபி கிடைத்திருக்காது.

நீங்கள் இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கடைசிப் பேச்சு என் சாப்பாட்டு மேஜையில்தான் நடந்தது என்பதால் இரண்டு தரப்பையும் அப்படியே சொல்ல முடியும். கல்லூரியில் கடைசிக் கச்சேரித் தேர்வை விட்டுவிட்டு ஹோட்டல் கூடத்தில் ஜாஸ் வாசிக்கப் போகிறேன் என்றாய். "கரண்டிச் சத்தத்துக்கு வாசிக்கப் போறியா?" என்றாள் அவள். "உன் கச்சேரியில கரண்டிகூட ஆடலையே அக்கா" என்றாய் நீ. அந்த வரியை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் ஆரம்பித்திருக்கக் கூடாது என்பதும் உண்மை.

சென்ற வெள்ளிக்கிழமை, அலமாரி துடைப்பதாகச் சொல்லிப் பியானோ அறைக்குள் போனவள், உன் ஒலிப்பதிவைப் போட்டாள். துடைக்கிற துணியை இடது கையில் பிடித்தபடியே நின்றாள். பாட்டில் ஓர் இடம் வருகிறது. மேலே மெட்டு நிற்கிறது, கீழே உன் இடது கை மெல்லச் சறுக்கி இறங்குகிறது. எனக்கு இசை தெரியாது. பதினாறு வருஷமாக நகராட்சிக் கூட்டங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுகிறவன். எனக்கே அந்த இடத்தில் கையில் இருந்த பேனா நின்றது. "அதைத் திரும்பப் போடுங்க" என்றாள். நாலு முறை போட்டேன். பிறகு நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து உன் பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாள்.

முப்பத்தொன்றாம் பக்கம் உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. அம்மா வேலைக்குப் போன பிற்பகல்களில் அவள்தான் உன்னை உட்கார்த்தி வைத்தாள். அந்தப் பக்கத்தில் ஓர் இடத்தில் இடது கை தாவ வேண்டும். தாவிய இடத்திலிருந்து மறுபடி தாவி முடிவுச் சுரத்துக்கு வர வேண்டும். உனக்குக் கை எட்டாது. இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டையை மிதித்துச் சறுக்கிக்கொண்டு நேராக முடிவில் போய் உட்கார்ந்துவிடுவாய். ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிவப்பு வட்டம். நான் எண்ணினேன், பதினான்கு. பென்சிலை அழுத்தியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தே போயிருக்கிறது.

"குரங்கு. அந்தத் தப்பை அப்படியே தூக்கிட்டுப் போயிருக்கான்" என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பியானோ மேல் தாள்கள் பரப்பிக் கிடந்தன. உன் பாட்டு ஒரு பக்கம். நடுவில், எந்த ஹோட்டல் கூடத்துக்குப் போனாலும் காதில் விழுகிற பழைய காதல் பாட்டு ஒன்று. அதன் இசைத்தாளை அவள் இரவல் வாங்கி வந்திருந்தாள், எங்கிருந்து என்று சொல்ல மறுக்கிறாள். இந்தப் பக்கம் அவளுடைய தடிப் புத்தகம். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காதல் பாட்டின் மெட்டை விட்டுவிட்டு இடது கையை மட்டும் வாசித்தாள். பிறகு தடிப் புத்தகத்தில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தின் இடது கையை வாசித்தாள். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி இருந்தது எனக்கு. அறைகள் அதேதான், திரைச்சீலைதான் வேறு.

"இந்தக் காதல் பாட்டை எழுதினவன் ஏதோ நாடகக் கொட்டகைக்கு ஒரு மதியத்துல எழுதிக் கொடுத்திருப்பான். ஆனா கீழ பாருங்க, படி ஒண்ணுகூட ஆடலை. இவ்வளவு படிச்சுட்டு, படிச்சதே தெரியாம எழுதியிருக்கான்" என்றாள். அவள் வாயிலிருந்து ஜாஸ்காரர்களைப் பற்றி இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அந்தத் தடிப் புத்தகத்தில் அவள் தன் கச்சேரித் தேர்வுக்கு வாசித்த துண்டு இருக்கிறது. தேர்வாளர்கள் எழுந்து நின்று பாராட்டியது. அதன் இரண்டாவது பக்கத்தில் அவள் கை அப்படியே நின்றது. அங்கேயும் தாவல் இல்லை. கறுப்புக் கட்டையில் விரல் வைத்து, சறுக்கி, முடிவில் உட்காருகிறது. உன் சறுக்கலேதான். அதை அவள் நூறு முறையாவது வாசித்திருப்பாள். "இங்க இருந்தப்ப மேதைன்னு சொன்னேன். அவன் செஞ்சப்ப வட்டம் போட்டேன்" என்றாள். ரப்பர் எடுத்து முதல் வட்டத்தை அழித்துப் பார்த்தாள். சிவப்புப் பென்சில் போகவில்லை, தாள்தான் தேய்ந்தது.

மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம். அவளுக்கு வலது மணிக்கட்டில் வலி. ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நேற்று ஐம்பத்தைந்து நிமிஷம் வாசித்தாள். தடுக்க வேண்டியவன் நான்தான். தடுக்கவில்லை, அதற்கு உன் பாட்டுதான் காரணம். உன் குரலைக் கேட்காத ஆறு வருஷத்தில் பியானோவுக்கு ஒரு தரம் கம்பி மாற்றினோம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இன்று காலை அவள் ஒரு கடித உறையை ஒட்டி என்னிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தாள். நான் இதை அனுப்புகிற மின்னஞ்சலில் அவளுக்கு நம்பிக்கை இல்லை; அடித்துத் திருத்தியது தெரியாத கடிதம் கடிதமா என்பாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். "உங்க மச்சானுக்குத்தானே, உங்களுக்கு இல்லையே. அவன்கிட்ட எதையும் உளறி வைக்காதீங்க" என்றாள். ஆகவே சரி என்றா, வேண்டாம் என்றா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவை இரண்டு. தபால் நிலையத்தில் நிறுத்தபோது உறை ஒரு தாள் கடிதத்துக்கு உரிய எடையைவிடக் கூடுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன், முப்பதுக்கு எதிரே முப்பத்து மூன்று இருக்கிறது. அளவுகோல் வைத்து நேராகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

உறையைக் கொடுத்த பிறகு, "அவன் ஊர்ல இப்ப மணி என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து வந்து மறுபடி கேட்டாள்.

அவள் கடிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வரும் என்கிறார் தபால் நிலையப் பெண். அட்டை செவ்வாய் மாலை அச்சுக்குப் போகிறது என்று நீயே எழுதியிருந்தாய். அதுவரை அந்த வரியை யார் கேட்டாலும் நிரப்பாதே, காலியாக வை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான் பல் டாக்டருடன் நடக்கப் போய்விடுவேன், வீட்டில் அவள் தனியாகத்தான் இருப்பாள். டெலிபோன் பியானோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீ நன்றாக இரு, மச்சான். அந்த இடது கையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அத்தான்