வதனியக்கா மூழ்கடித்த கப்பல்

என் வதனியக்காவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் தொடங்கினேன். பிறகு அந்த வரியை வெட்டிவிட்டேன். இனி உங்களுக்கு என்ன நாரிப்பிடிப்பு, என்ன தலையிடி?

உங்களுடைய கட்டிலில் இருந்துதான் எழுதுகிறேன். பலேர்மோவின் கால்சாப் பகுதியில் அதே மூன்றாம் மாடி, அதே சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் கடல் இருப்பது காற்றின் உப்பில்தான் தெரியும். வெள்ளிக்கிழமை தலையிடி என்றீர்கள், செவ்வாய்க்கிழமை நீங்கள் இல்லை. அடுத்த கிழமையே உங்களுடைய சாவி என் கையில். வீட்டைப் பார்க்கும் வேலையும் நீங்கள் பராமரித்த கிழவரும் எனக்கு வந்தது சரி. கப்பலும் சேர்ந்து வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை அக்கா. நீங்களும் சொல்லவில்லை. வியாழன் பின்னேரங்களில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துப் பக்கம் சந்தித்து எவ்வளவு கதைத்திருப்போம்! "ஞாயிற்றுக்கிழமையளிலை கிழவரைக் காத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போறனான்" என்று மட்டும் சொல்வீர்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிழவர் சின்யோர் நீனோ துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்தவர். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. வலது கை நடுங்கும். அவரும் இன்னும் ஏழு பேரும் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு போர்க்கப்பல், ஒரு மீட்டர் நீளம், உண்மையான கப்பலைப் பார்த்து அச்சொட்டாகச் செய்தது. கையில் ரிமோட். கப்பலில் உள்ள சின்னப் பீரங்கிகள் மிளகளவு இரும்புக் குண்டுகளைச் சுடும். கப்பலின் பக்கங்கள் மெல்லிய மரத்தகடு என்பதால் குண்டு துளைத்துக்கொண்டு உள்ளே போகும், பின்னால் தண்ணீரும் போகும். உள்ளே ஒரு பம்ப் அதை வெளியே துப்பிக்கொண்டிருக்கும். பம்ப் தோற்றால் கப்பல் தாழும். பிறகு கயிறு போட்டு எடுத்து, துடைத்து, ஓட்டைகளை ஒட்டி, அடுத்த போருக்குக் கொண்டுவருவார்கள்.

சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு. ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊருக்கு மேலே, எலுமிச்சைத் தோட்டத்துக்குள் இருக்கும் குளம் மாதிரியான பழைய நீர்த்தொட்டியில் போர். இடுப்பளவு தண்ணீர், நான்கு பக்கமும் கல்மதில். சின்யோர் ஒரு கையால் கப்பலை ஓட்டுவார். பீரங்கிக்கும் பம்புக்கும் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை ஐந்து வருடம் நீங்கள். இந்த வருடம் நான்.

முதல் ஞாயிறு நடந்ததைக் கேளுங்கள். எல்லோருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி தந்தார்கள். கிளப்பை நடத்தும் சால்வோ விசில் ஊதினான். கடலோரச் சாப்பாட்டுக்கடையில் சமையல் செய்கிறவன், பெரிய வயிறு, உங்களைப் பற்றிக் கதைத்தால் கண் கலங்குவான். விசில் நின்றதும் சுடத் தொடங்கினார்கள். பெரிய சத்தம் இல்லை, கடுகு வெடிப்பதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் அது தண்ணீர்ப் பக்கமிருந்து கரையை நோக்கி வந்தது. சால்வோவின் வான் வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய்க் குந்தி, காதைப் பொத்திக்கொண்டேன்.

"வதானா! பம்ப்! வதானா!" என்று சின்யோர் கத்தினார். வதனி என்பது அவர் வாயில் வதானா; என் பெயர் அவருக்கு அப்போது மனதில் ஏறவில்லை. கப்பல் தாழ்ந்துபோனது.

அடுத்த நாள் அவருடைய மகள் சின்யோரா கிராசியெல்லா வந்தார். என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி, முடியும் நேரம். புதுப்பிக்கும் தாள்களில் அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். அவர்கள் இத்தாலியனில் சொன்னதை எங்கடை பேச்சிலேயே எழுதுகிறேன், உங்களுக்கு அப்படிச் சொல்லித்தானே எனக்குப் பழக்கம்.

"தயா, அப்பா அந்தக் குளத்துக்குப் போறபடியால்தான் இன்னும் மனுசனாய் இருக்கிறார். நீ அங்கை போய் ஒளிச்சிருந்தால் எனக்கு என்ன பிரயோசனம்?"

"சின்யோரா, ஞாயிறு எனக்கு லீவெல்லோ? வேலை ஒப்பந்தத்திலை அப்பிடித்தானே எழுதியிருக்கு?"

"வதானா ஒருநாளும் லீவு கேட்டதில்லை" என்றார். பேனாவின் மூடியைக் கழற்றாமல் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பேனாவையே பார்த்தேன். பிறகு, "ஓம், போறன்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அவரைக் கெட்ட மனுசி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகப்பனைப் பிடித்து வைத்திருக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஆனால் அன்றைக்கு என்னைச் சுற்றி ஏதோ பூட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. தாள்கள் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்குப் போய்விட்டன. புது பெர்மெஸ்ஸோ கார்டு வரும்வரை இந்த வேலையை விட ஏலாது. கார்டு கையில் இல்லாமல் ஊருக்குப் போய்வரத் துணிவும் இல்லை. ஊரில் இருந்து அம்மா வைபர் போனில் கேட்பா: "எப்ப பிள்ளை வாறாய்?" நான் சீசன் முடியட்டும் என்பேன். அம்மாவுக்கு என்ன சீசன் என்று தெரியாது, மாம்பழ சீசன் என்று நினைத்திருப்பா.

கிழமை முழுவதும் குசினி மேசையில் அந்தக் கப்பல் கிடக்கும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, மேலே மெல்லிய தாள் ஒட்டி, சாம்பல் நிறம் பூச வேண்டும். பசை மணம் சோற்றிலும் ஏறிவிடும். ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்கும்போது உங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். நீங்கள் எப்படி அக்கா இதைச் செய்தீர்கள்?

ஊரில் போரின் கடைசி நாட்களில் நாங்கள் இருவரும் ஒரே கடற்கரையில் கிடந்தவர்கள். முன்னால் கடல், பின்னால் களப்பு, நடுவில் ஒரு துண்டு மணல், அதற்குள் அவ்வளவு சனம். அப்போது உங்களை எனக்குத் தெரியாது. பலேர்மோவில் சந்தித்துக் கதைத்த பிறகுதான், உங்கள் பங்கரும் எங்கள் பங்கரும் ஒரே பனங்கூடலுக்குள் இருந்தது தெரியவந்தது. உங்கள் கணவர் தண்ணீர் எடுக்க வெளியே போனவர். என் தம்பி சுதன் சும்மா எட்டிப் பார்த்தவன். இரண்டு பேரையும் எடுத்த ஷெல் கடல் பக்கமிருந்து வந்தது. அன்று தூரத்தில் வரிசையாக நின்ற கடற்படைக் கப்பல்களின் சாம்பல் நிறத்தை நான் மறக்கவில்லை. அதே நிறத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு இஞ்சை பூசிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எல்லாவற்றையும் கடந்துவிட்டவர் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆவணியில்தான் சால்வோ அந்தக் கதையைச் சொன்னான். அன்றும் எங்கள் கப்பல் தாழ்ந்துபோனது. வெயிலில் நின்று அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கவலைப்படாதை தயா. வதானா ஓட்டினால் ஒருநாளும் தப்பினதில்லை" என்றான்.

"என்ன? அவ ஓட்டினவவா?"

"சின்யோருக்குக் கை கூடுதலாய் நடுங்கிற நாளிலை முழு ரிமோட்டும் அவளிட்டைத்தான். நேரே நடுக்குளத்துக்குக் கொண்டுபோவாள். அங்கை நிப்பாட்டிப்போட்டுக் கையை எடுத்திடுவாள். நாங்கள் எல்லாரும் சுத்திநிண்டு அடிப்பம். கப்பல் தாழத் தாழ அவள் சிரிப்பாள். அப்பிடி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. எங்களுக்கு அவளின்ரை விளையாட்டு விளங்கிறதேயில்லை."

எனக்கு விளங்கியது. கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று முழுவதும் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருடம், ஒவ்வொரு சீசனும், யாருக்கும் விளங்காமல்! அது என்ன சிரிப்பு அக்கா? ஆறுதலா, ஆத்திரமா? தாழ்ந்த பிறகு உங்களுக்கு நித்திரை வந்ததா?

வீட்டுக்கு வந்து சின்யோரிடம் கேட்டேன். "வதானா வேணுமெண்டுதான் கப்பலைத் தாட்டவ. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தெரியும். தாழ்ந்தால்தானே அடுத்த ரண்டு கிழமையும் ஒட்ட வேலை இருக்கும். அவள் இந்த மேசையிலை வந்து என்னோடை இருப்பாள்."

நீங்கள் ஒரு காரணத்துக்காகத் தாட்டீர்கள், அவர் வேறொரு காரணத்துக்காகத் தாட்ட விட்டார். ஒரே வீட்டில் ஐந்து வருடம்.

ஐப்பசியில் கடைசிப் போர். சின்யோரின் கை அன்று கரண்டியைக்கூடப் பிடிக்கவில்லை. குளத்தடியில் ரிமோட்டை என் மடியில் வைத்து, "இண்டைக்கு நீதான்" என்றார். முதல்முறையாக என்னைத் தயா என்று கூப்பிட்டதும் அன்றுதான். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஆவணியில் இருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் செய்ததை நானும் செய்ய வேண்டும். சுதனுக்காக ஒரு கப்பலாவது தாழ வேண்டும்.

யாரையும் சுட எனக்கு விருப்பமில்லை. எல்லாக் குண்டையும் கல்மதிலுக்கு அடித்து முடித்தேன். குண்டு முடிந்தால் கையைத் தூக்கி 'சின்க்வே' என்று சொல்ல வேண்டும். ஐந்து என்று அர்த்தம். சொன்னபிறகு கப்பல் ஐந்து நிமிடம் குண்டில்லாமல் தண்ணீரில் நிற்க வேண்டும், மற்றவர்கள் அடிக்கலாம். ஐந்தும் முடிந்தால்தான் வெளியே எடுக்க விடுவார்கள். கையைத் தூக்கிச் சொன்னேன். கப்பலை நடுக்குளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். கையை எடுத்தேன்.

மூன்று கப்பல்கள் வந்து வளைத்தன. அடி விழுந்தது. எங்கள் கப்பல் ஒரு பக்கம் சரிந்தது. நான் சிரிப்பு வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை அக்கா. கப்பல் சும்மா சுற்றிக்கொண்டு நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கப்பல், அதற்குப் பின்னால் கல். போக இடமில்லாமல் நிற்பது எப்படியென்று என் உடம்புக்குத் தெரியும். அது யாருடைய கப்பல், என்ன நிறம் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது. கை தானாக ரிமோட்டுக்குப் போய்விட்டது.

"விடுங்கோ! அதைப் போக விடுங்கோ!" என்று தமிழில் கத்தினேன். அவர்களுக்கு விளங்கவில்லை. நான் போர்முழக்கம் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு இன்னும் அடித்தார்கள். நான் பின்னால் எடுத்து, இரண்டு கப்பல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிக்குள் செருகி, மதிலோரமாக ஓடினேன். பம்ப் தண்ணீரைத் துப்பிக்கொண்டே இருந்தது. சின்யோர் கதிரையில் இருந்து எழும்பப் பார்த்தார். சால்வோ நிமிடங்களை உரத்து எண்ணினான். நான்கு என்றபோது மேல்தட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. ஐந்து என்று விசில் ஊதியபோது கப்பல் இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தைத் தாங்க ஏலாமல் எலுமிச்சை மரத்தடியில் போய் வாந்தி எடுத்தேன், அழுதேன். தம்பியைக் கொன்ற கப்பல் மாதிரி ஒன்றைக் காப்பாற்றிவிட்டு நான் ஏன் அழுதேன்? உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மற்றவர்கள் சாமான்களைக் கட்டும்போது சின்யோர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "என்ன நடந்தது?"

"எனக்குக் கப்பல் பிடிக்காது, சின்யோர்." பிறகு எனக்குத் தெரிந்த இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். மணல், சனம், கடல் பக்கமிருந்து வந்த ஷெல், சுதன்.

"வதானாவும் அங்கையா?"

"ஓம். அவவின்ரை மனுசன் அங்கைதான் செத்தவர்."

கிழவர் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐஞ்சு வருசம் என்னோடை இருந்து இதை ஒட்டினவள். ஒரு சொல்லுச் சொல்லேல்லை." பிறகு, "நானும் கேக்கேல்லை" என்றார். அவருடைய நல்ல கை என் கையைத் தேடி வந்தது.

அடுத்த நாளே மகளைக் கூப்பிட்டு, நான் சொன்னதையெல்லாம் சொல்லி, ஞாயிறு இனி தயாவின் நாள், தன்னைச் சால்வோ கிளப்புக்குக் கூட்டிப்போவான் என்றுவிட்டார். சின்யோரா என் பக்கம் திரும்பினார்.

"இதை நீ முதலே ஏன் சொல்லேல்லை?"

"பேனா உங்கடை கையிலை எல்லோ இருந்தது, சின்யோரா."

அவர் முகம் சிவந்தது. எழும்பிப் போய்த் தானே கோப்பி போட்டு எனக்கும் ஒரு கோப்பை வைத்தார். நான் அதைக் குடித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கார்டு இன்னும் வரவில்லை. குவெஸ்தூராவில் போய் நின்றால் பொறு என்கிறார்கள். முதல் லீவு ஞாயிறு ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் போய், போகிற ரயில்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கே போவதென்று தெரியவில்லை. மத்தியானத்துக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கிழவர் இல்லாத வீட்டில் நானும் அந்தச் சுவரும்தான்.

கிளப்பில் பீரங்கி இல்லாத சரக்குக் கப்பலுக்கும் இடம் இருக்கிறதாம். அடி வாங்கிக்கொண்டு ஒரு கரையில் இருந்து மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தால் போதுமாம். சின்யோர் எனக்காகத் தாளில் ஒன்று கீறத் தொடங்கியிருக்கிறார், கோடெல்லாம் கோணல். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

உங்கள் மகள் நிலா வவுனியாவில் உங்கள் தங்கச்சியோடு நல்லாய் இருக்கிறாள். உயர்தரம் படிக்கிறாள். போன கிழமை வைபரில் கேட்டாள்: "அன்ரி, அம்மா அங்கை எப்பிடி இருந்தவ? கஷ்டப்பட்டவவா?" நான், "நல்லா இருந்தவ பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

அதனால் ஒன்று செய்வேன். கார்டு வந்ததும் அம்மாவைப் பார்ப்பேன், அடுத்த நாள் வவுனியாவுக்குப் போவேன். நிலாவைப் பக்கத்தில் இருத்திச் சொல்லுவேன்: "உன்ரை கொம்மா அங்கத்தைச் சனத்துக்கு அடங்கி ஒடுங்கிக் கிடந்தவ எண்டு நினையாதை. வாய்ச்ச ஞாயிறெல்லாம், அவ்வளவு பேரும் பாத்துக்கொண்டிருக்க, ஒரு போர்க்கப்பலை நடுத்தண்ணிக்குக் கொண்டுபோய்த் தாட்டுப்போட்டு வாய்விட்டுச் சிரிச்சவ." அவள் நம்பமாட்டாள். நம்பும்வரை திரும்பத் திரும்பச் சொல்லுவேன் அக்கா. இது சத்தியம்.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கச்சி,
தயா