விரல் மரத்ததைச் சொல்லவில்லை

மார்ச் 4, செவ்வாய்

குடல் புற்றுநோய்க்கு எட்டுச் சுற்று மருந்து. இன்று ஐந்தாவது ஏறியது. டாக்டரம்மாவுக்குப் பின்னால் ஸ்டூலில் ஒரு மருத்துவ மாணவி, மடியில் நோட்டு. "கூட இருந்து பார்க்க வந்திருக்காங்க. பரவாயில்லையா சார்?" என்றார். முப்பத்தோரு வருஷம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் பார்க்க நின்றவன், ஒருத்திக்கா கூச்சப்படுவேன்?

"விரல் மரத்துப் போகுதா?"

"இல்லம்மா."

பொய். போன சுற்றிலிருந்தே விரல்நுனி கட்டையாகத்தான் இருக்கிறது. சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் நோய் திரும்பும். யார் சொன்னது? யாருமில்லை. நானே கேள்வி கேட்டு, நானே விடை எழுதி, நானே மார்க்கும் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஸ்கேன் படத்தைக் காட்டி மாணவிக்கு ஏதோ விளக்கினார். அவள் வேகமாகத் தலையாட்டினாள். எனக்குத் தெரியாத தலையாட்டலா? பின்னக் கணக்கு புரியாத பிள்ளை, மணி அடித்தால் போதும் என்று ஆட்டுவது. தலையாட்டி என்று பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 11

சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள். "எல்கேஜி பிள்ளை மாதிரி நிக்கிறீங்க. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன், சொன்னேன்."

மார்ச் 14

குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கிறது. குழாயைத் திறக்கவே தயக்கம்.

மார்ச் 20, வியாழன்

ரத்தப் பரிசோதனை வரிசையில் டோக்கன் கீழே விழுந்தது. மூன்று முறை முயன்றும் எடுக்க வரவில்லை. எடுத்துக் கொடுத்தது தலையாட்டி.

"சார், அன்னிக்கு இல்லைன்னு சொன்னீங்களே."

"நீ மட்டும்? அந்த ஸ்கேன் உனக்குப் புரிஞ்சுதா?"

"புரியல சார். ஆனா எனக்குப் புரியலன்னா மார்க்தான் போகும். உங்களுக்குக் கை போயிடும்."

"டாக்டர்கிட்ட சொல்லுவியா?"

"நான் சொல்லலாமான்னே தெரியல. நீங்களே சொல்லிட்டா நல்லா இருக்கும்."

கையா, உயிரா? அப்படித்தான் கேள்வியா? இல்ல நான்தான் தப்பாக் கேட்டுக்கறேனா? ஒண்ணும் ஓடல.

மார்ச் 25, செவ்வாய்

மனைவியும் வந்தாள். டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

தலையாட்டி நோட்டை மூடினாள். "டாக்டர், எனக்கு ஒண்ணு புரியல. விரல் மரத்துப் போகுதுன்னு மருந்தக் குறைச்சா, நோய் திரும்பிடாதா?"

எனக்காகக் கேட்டாளா, தனக்காகவா? இன்னும் தெரியவில்லை.

ஊசி, மாத்திரை என்று எனக்குத் தரும் இரண்டு மருந்தில் ஊசிதான் நரம்பைத் தாக்குமாம். ஐந்து சுற்று ஆனபின் அதை நிறுத்தினால் இழப்பு கொஞ்சம்தானாம். தொடர்ந்தால் விரலுக்கு உணர்ச்சி திரும்பாமலே போகலாமாம்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்றேன்.

"உங்களுக்கு இவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது சார். ஏன் கேக்கறீங்க?"

கைகளை மேசைமேல் வைத்தேன். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 26

பேசவில்லை. பொத்தான் மட்டும் போட்டுவிட்டாள். ஒரு துளை மாற்றி.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏழாவது சுற்று. ஊசி இல்லை, மாத்திரை மட்டும். "விரல் எப்படி இருக்கு?" என்றார் டாக்டரம்மா. "அப்படியேதான். இப்போ காலும் சேர்ந்துக்கிச்சு." எழுதிக்கொண்டார். நிறுத்தியது சரிதானா என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டேன். ஸ்டூல் காலி, தலையாட்டி வேறு பிரிவுக்குப் போய்விட்டாளாம்.

பஸ் நிறுத்தத்தில் மனைவி கேட்டாள். "வேற எதையாவது மறைக்கிறீங்களா?"

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள்.

வெகுநேரம் பஸ் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.