பக்கத்துக் கட்டில்

கொட்டச்சேடு
12.06.2025

அன்புள்ள ஜெஸ்லின் அக்காவுக்கு,

வெண்ணிலா எழுதுகிறேன். சேலத்து ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில், உங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தேனே, நான்தான். உங்கள் பழைய நம்பர் போகவில்லை. மஞ்சக்குட்டையில் உங்கள் சித்தியிடம் விலாசம் வாங்கினேன். நம்பர் கிடைத்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்; உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன்.

தீபிகா இந்த வாரம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஏழாம் மாதத்தில், ஒரு கிலோ எண்பது கிராமில் பிறந்தவள், பையை மாட்டிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான்தான் கேட்டில் வெகுநேரம் நின்றேன்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது என்றால் கோபப்படுவீர்களா? என் வீட்டுக்காரர் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் கொண்டுவரும் களியை வராண்டாவில் உட்கார்ந்து பங்கு போட்டுத் தின்போம். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள நான் நடுங்கியபோது ராணி சிஸ்டர், "ஒண்ணும் ஆவாது கண்ணு, உன்ற சூடுதான் அவளுக்கு மருந்து" என்றார். பின்னால் நின்று துணியை முடிந்துவிட்டது நீங்கள்.

எனக்குப் போதிய பால் ஊறவில்லை. உங்கள் மகன் பதினோராம் நாள் தவறிப்போன பிறகும், ஆபரேஷன் தையல் ஆறும்வரை அங்கேயே இருந்த ஒரு வாரமும், ஆஸ்பத்திரிப் பால் வங்கிக்குப் பால் கொடுத்தீர்கள். தீபிகாவுக்கு அங்கிருந்துதான் வந்தது. அப்படிப்பட்டவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்களே அக்கா.

அன்புத் தங்கை,
வெண்ணிலா

ஓசூர்
24.06.2025

அன்பு வெண்ணிலாவுக்கு,

கவரில் உன் பேரைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். இங்கே ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறேன். எங்களுக்கு வேறு குழந்தை இல்லை.

என்னை நல்லவள் என்று நினைத்து எழுதியிருக்கிறாய். மார் கட்டி வலித்தது, சிஸ்டர் கேட்டார், கொடுத்தேன். அவ்வளவுதான்.

கடைசி நாள் காலையில், "அக்கா, பாப்பாவச் சித்த நேரம் வெச்சிருங்க, பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். அவள் கொட்டாவி விட்டாள். 'நீ ஏன் பிழைத்தாய்?' என்று அவளைப் பார்த்து நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்குப் பிறகு உன் முகத்தில் எப்படி விழிப்பது? அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பிள்ளை நன்றாகப் படிக்கட்டும். இனி எழுதாதே.

ஜெஸ்லின்

கொட்டச்சேடு
02.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பதினோராம் நாள், உள்ளே மெஷின் விடாமல் கத்தியது. சிஸ்டர்கள் ஓடினார்கள். யார் பிள்ளை என்று தெரியாமல் கண்ணாடிக்கு வெளியே நாம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான், "என்ற புள்ளயா இருக்கக்கூடாது சாமி" என்று வேண்டினேன். அந்த அறையில் அன்று இருந்தது இரண்டே குழந்தைகள். தெரிந்துதான் வேண்டினேன் அக்கா. உங்கள் பேரைக் கூப்பிட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை நினைத்து இன்றுவரை கூசுகிறேன். உங்களைத் தேட ஆறு வருஷம் ஆனதற்குக் காரணம் அதுதான்.

நீங்கள் மனதுக்குள் நினைத்தது எனக்குத் தெரியாது. பாத்ரூமிலிருந்து வந்தபோது, தீபிகாவின் காது மூடும்படி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தது அது.

வெண்ணிலா

ஓசூர்
19.07.2025

அன்பு வெண்ணிலா,

கண்ணாடிக்கு வெளியே நின்று நானும் அதையேதான் கேட்டேன். "கர்த்தாவே, என்ற பையனா இருக்கக்கூடாது." உன் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நேற்றுத்தான் என் வீட்டுக்காரரிடம் சொல்லி, உன் கடிதத்தையும் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு, "ஒருக்கா போயிட்டு வந்தர்லாமா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். முதலில் மஞ்சக்குட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு, மத்தியானம் ஜீப் பிடித்து உங்கள் ஊருக்கு. சாப்பாட்டுக்கு ஒன்றும் மெனக்கெடாதே.

ஆஸ்பத்திரிச் சீட்டில் கடைசிவரை 'ஜெஸ்லின் குழந்தை' என்றே இருந்தது. அவனுக்கு நாங்கள் வைத்த பேர் கிறிஸ்டோ. தீபிகாவிடம் சொல்லி வை.

அன்புடன்,
உன் அக்கா ஜெஸ்லின்