தின்றும் ஒட்டாத உடம்பு

ஐப்பசி 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை.

டைகர் இரண்டு தட்டு சோறு தின்றது. ஆனாலும் விலா எலும்பு துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. வெளிக்குப் போவது குவியல் குவியலாக, வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு. அதையே நக்கப் போனது. விரட்டினேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் அலமேலு, எனக்குக் கேட்கட்டும் என்று கோழியிடம்: "பாத்தியா, எங்க அண்ணனைப் பட்டினி போட்ட மாதிரி நாயையும் போடறாங்க."

என் வீட்டுக்காரர் காரியத்தன்று பந்தலில் சொன்ன அதே சொல். ஊதாச் சேலை, வாயில் வெற்றிலை. அன்றோடு நேர்ப்பேச்சு இல்லை. அவள் கோழியிடம், நான் நாயிடம். அவருடைய சர்க்கரைக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்னது டாக்டர். இதை யார் கேட்டார்கள்.

ஐப்பசி 5, வியாழன்

வெயில். ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரி. போன வாரம் எடுத்த ரத்தத்துக்கு முடிவு வந்துவிட்டது.

டாக்டர் பையன் நல்ல மாதிரி. "பாட்டிம்மா, நீங்க நல்லாத்தான் போடறீங்க. இதுக்குக் கணையம் குட்டியிலேயே சரியா வளரல. சோத்தைச் செரிக்கிற சாறு ஊறாது. மனுஷங்களுக்குச் சர்க்கரை வர்றதும் இந்தக் கணையம் கெட்டுத்தான். தினமும் ஆட்டுக் கணையத்தைப் பச்சையா நறுக்கி, சோத்துல கலந்து போடுங்க. ஆயுசுக்கும்."

அலமேலு இதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் தேவலை.

மகன் பெங்களூரிலிருந்து போன். அவன் வாங்கிய நாய், வீடு சின்னது என்று இங்கே விட்டது. "உனக்கு எதுக்கும்மா தொல்லை. கிரிவலப் பாதையில விட்டுடு, சாமியாருங்க யாராவது பாத்துப்பாங்க."

வைத்துவிட்டேன். என்னை எங்கே விடுவதாக உத்தேசமோ.

ஐப்பசி 6, வெள்ளி

கறிக்கடை பாய் கணையம் எடுத்துக் கொடுத்தார். பச்சைக்கறி தின்றால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பாள் அம்மா. மஞ்சள் போட்டு வேகவைத்தேன்.

மதிலுக்கு அப்பால்: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறி வேவுது."

ஐப்பசி 9, திங்கள்

மறுபடி மழை. டைகர் தேறவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டால் வால் மட்டும்.

டாக்டருக்குப் போன். "வேக வச்சீங்களா? அதுல இருக்கிற சாறு செத்துடும் பாட்டிம்மா. பச்சையானு சொன்னேனே."

சொன்னார். மறக்கவில்லை. அம்மா பேச்சைக் கேட்டேன்.

இன்று பச்சையாகவே. ஊட்டிவிட்டேன். மதிலோரம் உட்கார்ந்து டைகரிடம் உரக்கச் சொன்னேன்: "உனக்குப் பிறவிக் குறைடா. எவ்ளோ போட்டாலும் ஒட்டாது. அவருக்கும் கெட்டது அந்தக் கணையந்தான். யாரும் பட்டினி போடல."

அந்தப் பக்கம் கோழி மட்டும் கிளறிக்கொண்டு.

ஐப்பசி 12, வியாழன்

மழை விட்டது. டைகர் தானாக எழுந்து வெளியே போனது. வெளிக்கு இன்று கெட்டியாக. பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை.

நாளை பௌர்ணமி, கறிக்கடை லீவு. நாளைக்கும் சேர்த்துக் கணையம் வாங்கியாயிற்று. வைக்க பிரிட்ஜ் இல்லை. டைகரிடம்தான் புலம்பினேன்.

மதிலுக்கு மேல் தலை. "டேய் டைகரு, எங்க வீட்டுல பிரிட்ஜ் சும்மாதான் கெடக்குதுனு சொல்லு." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அண்ணிகிட்ட."

பந்தலில் சொன்னதை நான் மறக்கவில்லை.

கணைய டப்பாவை மதில்மேல் வைத்தேன்.