பேச்சு போகும் பாதையைப் பார்த்தேன், அம்மா

வாயாடி என்று தெருவே பெயர் வைத்த என் அம்மாவுக்கு,

தலையில் போட்ட தையல் ஆறிவிட்டது. மனசுதான் இன்னும் ஆறவில்லை. உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அதைக் கேட்கும் இடத்துக்கு வர எனக்குக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்.

நான் வானகரத்துக் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது உனக்குத் தெரியும். ஒருநாள் மதியம், வண்டியில் பேட்டரி இறங்கிவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொல்லப் போனேன். வாயில் சம்பந்தமே இல்லாத சொற்கள் வந்தன. விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். அடுத்த நிமிடம் வலிப்பு வந்து தரையில் கிடந்தேனாம். கண் திறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உன் மருமகள் ஜெயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மூளையின் இடது பக்கத்தில் கட்டி என்றார்கள். எடுக்காமல் விட்டால் வளரும். எடுத்தால் பேச்சு போகலாம், ஏனென்றால் அது பேச்சுக்கான இடத்தை ஒட்டியே இருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு உயிர் பயத்தைவிட உன் முகம்தான் முதலில் வந்தது. பக்கவாதத்தில் விழுந்தபின் நீ கட்டிலில் கிடந்த முகம்.

அறுவைசிகிச்சை செய்யும் டாக்டரம்மா இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முதல் ஸ்கேன் கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டியது. இது, கட்டியைச் சுற்றி மூளையின் எந்தப் பகுதி எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டுமாம். மூளைக்குள் இருக்கும் தண்ணீர், நரம்பிழைகளின் போக்கிலேதான் அதிகம் நகருமாம். அந்த நகர்வைப் பிடித்துப் பாதையைக் கணக்குப்போட்டு வரைகிறார்கள். அந்த ஸ்கேன் குழாய்க்குள் மத்தளம் அடிப்பதுபோலச் சத்தம். அதற்கு நடுவே படங்களைக் காட்டி மனசுக்குள் பெயர் சொல்லச் சொன்னார்கள்.

பிறகு டாக்டரம்மா அதைத் திரையில் காட்டினார், அம்மா. என் மண்டைக்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கற்றை கற்றையாக இழைகள். உன் அம்பத்தூர் எஸ்டேட் துணி கம்பெனியில் மிஷினடியில் குவிந்து கிடக்குமே வண்ண நூல், அதுபோல. ஒரு கற்றையைத் தொட்டுக் காட்டினார். கேட்டதைப் புரிந்துகொள்ளும் பின்பக்கத்தையும் பேச்சை உருவாக்கும் முன்பக்கத்தையும் இணைக்கும் பாதையாம் அது. கட்டி அதை அழிக்கவில்லை. தள்ளி வளைத்து வைத்திருந்தது. அதனால் ஒரு வழி இருக்கிறது என்றார்.

எனக்கு நல்ல செய்திதான். ஆனால் நான் உன்னைப் பற்றிக் கேட்டேன். எங்கம்மாவுக்கும் இந்தப் பக்கம்தான் அடிபட்டது, எதைக் கேட்டாலும் ‘நாளைக்கு’ என்ற ஒரு சொல்தான் வரும் என்றேன்.

டாக்டரம்மா திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். “அவங்க ஸ்கேனைப் பார்க்காம நான் உறுதியா சொல்ல முடியாது. ஆனா பேச்சு போன நிறைய பேருக்கு, எதிர்ல இருக்கிறவங்க பேசுறது புரியும்.”

பசிக்கிறதா என்றால் நாளைக்கு, வலிக்கிறதா என்றால் நாளைக்கு. புத்தி கலங்கிவிட்டது என்றுதானே நாங்கள் எல்லோரும் நம்பினோம்? உன் தலைமாட்டிலேயே உன்னைப் பற்றிப் பேசினோமே. எல்லாம் உனக்குப் புரிந்ததா அம்மா? இதுதான் நான் கேட்க வந்தது.

படத்தை மட்டும் நம்பி வெட்டமாட்டார்களாம். மண்டையைத் திறந்தபின் நான் விழித்திருந்து பேசவேண்டும். அதற்கு முந்தின நாள் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பெண் வந்து படங்களைக் காட்டினாள். வீட்டுப் படத்துக்கு நான் ‘ஊடு’ என்றதும் பேனாவை நிறுத்திவிட்டாள். கட்டியால் சொல் சிதைகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். ஜெயா குறுக்கே வந்து, எங்க ஜனமே அப்படித்தான் பேசும் என்று விளக்கவேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் நீ கற்றுக்கொடுத்த சொல் நோய்க்கணக்கில் சேர்ந்திருக்கும்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் ஜெயா என் காதருகே சொன்னாள்: “பேச்சு வந்தா வருது, வராட்டி போவுது. நீ ஊட்டுக்கு வந்து சேரு.”

வலிக்கவில்லை அம்மா. துணிமறைப்புக்கு அந்தப்பக்கம் டாக்டர்கள், இந்தப்பக்கம் படம் காட்டும் அந்தப் பெண். சாவி என்றேன். மாம்பழம் என்றேன். டாக்டரம்மா, வரைபடத்தில் பார்த்த பாதைக்கு அருகே மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். வீட்டுப் படம் வந்தது. கதவு தெரிகிறது, ஜன்னல் தெரிகிறது, அது என்ன என்றும் தெரிகிறது. சொல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது.

அந்தச் சில நொடிகள் நான் செத்துப்போகவில்லை, மயங்கவும் இல்லை. முழுசாக உள்ளேதான் இருந்தேன். வெளியே இருந்தவர்களுக்குத்தான் நான் இல்லை.

மின்சாரத்தை எடுத்தார்கள். ‘ஊடு’ என்றேன். அழுதேன். பாதை அங்கேதான் என்று டாக்டரம்மா அதோடு நிறுத்திக்கொண்டார். பெரும்பகுதி எடுத்தாயிற்று, பாதையோடு ஒட்டிய ஒரு துணுக்கை விட்டுவைத்திருக்கிறார்கள். அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனிக்கவேண்டும். சில சொற்கள் இன்னும் தாமதமாகத்தான் வருகின்றன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட இப்போதைக்கு விடமாட்டார்கள். குடோன் வாசலில் உட்கார்ந்து சரக்கு சரிபார்க்கிறேன்.

எனக்கு நொடிக்கணக்கு. உனக்கு இரண்டு வருஷம். எப்படித் தாங்கினாய்?

வீடு திரும்பியதும் கொரட்டூர் போய் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதிர்ச்சியில் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பயந்துதான் சொன்னேன். அவரோ டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“அவளுக்குப் புரியும்டா. எனக்குத் தெரியும்.”

எப்படி என்றேன்.

“நான் கோவமா எதுனா பேசுனா கையக் கிள்ளுவா. சிரிப்புக் காட்டுனா என் வெரல இறுக்கிப் புடிச்சுப்பா. கரீட்டா அந்த எடத்துல.”

இத்தனை நாள் எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தியேவிட்டேன் என்று நினைக்கிறேன்.

“அது புருசன் பொண்டாட்டிக்குள்ள இருந்த பேச்சுடா. அத்தப் போயி புள்ளைங்ககிட்ட சொல்லுவாங்களா?”

நான் வாயடைத்து நின்றேன். இந்த முறை மின்சாரம் எதுவும் தொடவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன் அம்மா. பூவும் மெழுகுவத்தியும் வழக்கம்போல இருக்கும்; அதற்குமேல், வாய்நிறையப் பேசுவேன். நடுவில் ஒரு சொல் வராமல் நின்றால், அது வரும்வரை உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகமாட்டேன்.

உன் வாயிலிருந்து பேச்சை வாங்கிக்கொண்ட,
இளைய மகன் அந்தோணி